கொழுப்பின் கூறு கண்ட செவ்ரூல்

நெய்யும் வெண்ணெயும் எண்ணெயும் மனிதன் நெடுங்காலமாக அறிந்த பொருள்கள். அவற்றை அவன் உண்டான், விளக்கிலிட்டு எரித்தான், காரத்துடன் சேர்த்துக் காய்ச்சிச் சவுக்காரம் ஆக்கினான். ஆயினும், கொழுப்பு என்பது உண்மையில் யாது, அஃது ஒரே பொருளா, பல பொருள்களின் கூட்டா என்னும் வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கும் வரையில் எவரும் விடை கண்டிலர். அவ்விடையைக் கண்டவர் பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞராகிய மிசேல் யூசீன் செவ்ரூல் என்பவர்.

இன்று மருத்துவர்கள் குருதியிலுள்ள கொலஸ்டிராலின் அளவைப் பற்றிப் பேசுகின்றனர். உணவிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு அவ்வளவை உயர்த்தும் என்று எச்சரிக்கின்றனர். கொலஸ்டிராலுக்குப் பெயர் தந்தவர் செவ்ரூல். நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டியவரும் அவரே. இரண்டும் ஒருவர் கையிலேயே, ஒரே ஆய்வுக்கூடத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில் இருந்தன. ஆயினும் ஒன்று மற்றொன்றின் அளவை உயர்த்தக்கூடும் என்பதை அறியாமலே அவர் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்து மறைந்தார்.

செவ்ரூல் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள ஆன்ஜே என்னும் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் மருத்துவர். குழந்தைக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசனும் பிரபுக்களும் வீழ்ந்தனர்; பழைய பள்ளிகளும் அவற்றோடு மூடப்பட்டன. ஆன்ஜே நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறம் உள்நாட்டுப் போரில் சிக்கித் தவித்தது. அந்நாளில் செவ்ரூல் வீட்டிலேயே ஆசிரியர்களிடம் பாடங்கேட்டார். புரட்சி அரசு அந்நகரில் புதிய பள்ளியொன்றைத் தொடங்கிய பின்னரே அவர் முறையாகக் கற்கலானார். 1803ஆம் ஆண்டு, தம் 17ஆம் வயதில், வேதியியல் கற்கும் வேட்கையோடு பாரிசு மாநகரை அடைந்தார்.

பாரிசில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் வோக்லன் என்பவர். குரோமியம் என்னும் உலோகத்தைக் கண்டுபிடித்தவர் அவர். எளிய உழவர் குடியிற் பிறந்து, தம் உழைப்பால் உயர்ந்தவர். இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே செவ்ரூலின் கைகள் பயிற்சி பெற்றன. அந்தச் சாலையோடு தொடங்கிய தொடர்பு ஏறக்குறைய 85 ஆண்டுகள் நீடித்தது என்றால் நமக்கு வியப்பாகவே இருக்கும். முதலில் அவர் சாயமரங்களிலிருந்து வண்ணப்பொருள்களைப் பிரிக்கும் வேலையில் ஈடுபட்டார். ஒரு கலவையிலிருந்து ஒரு தூய பொருளை எவ்வாறு பிரிப்பது, பிரித்த பொருள் தூயதே என்று எவ்வாறு தெளிவது என்பனவற்றை அவர் அங்கே கற்றுக்கொண்டார்.

1811ஆம் ஆண்டில் பன்றிக் கொழுப்பையும் பொடாஷ் காரத்தையும் கொண்டு செய்த சவுக்காரம் ஒன்று அவரிடம் ஆய்வுக்கு வந்தது. சோப்பு என்று நாம் வழங்கும் இப்பொருளைப் பற்றி அக்காலத்து அறிஞர் கொண்டிருந்த கருத்து மிக எளியது. கொழுப்பும் காரமும் அப்படியே ஒன்றோடொன்று சேர்ந்து சவுக்காரம் ஆகின்றன என்று அவர்கள் எண்ணினர். செவ்ரூல் அச்சவுக்காரத்தை மிகுந்த நீரில் இட்டார். ஒரு பகுதி கரைந்தது. கரையாத பகுதி முத்தின் ஒளியோடு மின்னிக்கொண்டு அடியிற் படிந்தது. அதனை எடுத்து அமிலத்தோடு சேர்த்தபோது, பன்றிக் கொழுப்பினின்றும் முற்றும் வேறான ஒரு வெண்ணிறப் படிகப் பொருள் வெளிவந்தது. அப்பொருள் தானும் ஓர் அமிலத்தின் இயல்பு உடையதாயிருந்தது. அமிலம் என்றால் புளிப்பும் எரிச்சலும் உடைய நீர்மம் என்றே பழகியிருந்த அறிஞர்க்கு, மெழுகு போன்ற ஓர் அமிலம் புதுமையாகத் தோன்றியது. முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயர் வைத்தார். பின்னர் அது மார்காரிக் அமிலம் எனப்பட்டது. 1813இல் இச்செய்தியை அவர் அறிஞர் அவையில் படித்தார்.

அதன்பின் பத்தாண்டுகள் கொழுப்பே அவருடைய சிந்தனையாயிற்று. மனிதக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, வாத்துக் கொழுப்பு, ஜாகுவார் என்னும் காட்டு விலங்கின் கொழுப்பு, கடல்வாழ் விலங்காகிய டால்பினின் எண்ணெய் ஆகிய அனைத்தும் அவருடைய ஆய்வுக்கூடத்திற்கு வந்தன. ஒவ்வொன்றையும் காரத்தோடு காய்ச்சிச் சிதைத்தார், சிதைந்தவற்றைச் சாராயத்தில் கரைத்துப் படிகமாக்கினார், மீண்டும் கரைத்தார், மீண்டும் படிகமாக்கினார். ஒவ்வொரு முறையும் அப்படிகம் எத்தனை பாகை வெப்பத்தில் உருகுகிறது என்று அளந்தார். உருகுநிலை மாறிக்கொண்டே இருந்தால் அதில் இன்னும் கலப்பு உண்டு. எத்தனை முறை படிகமாக்கினும் மாறாது நின்றால் அது தூய பொருள். இன்று வேதியியல் மாணவன் ஒவ்வொருவனும் பள்ளியிலேயே செய்து பார்க்கும் இச்சோதனையைத் தூய்மைக்கு உரைகல்லாக நிலைநாட்டியவருள் முதன்மையானவர் செவ்ரூலே எனலாம்.

இவ்வாறு அவர் வரிசையாக அமிலங்களைக் கண்டார். ஆட்டுக் கொழுப்பிலும் மாட்டுக் கொழுப்பிலும் ஸ்டியரிக் அமிலம் கிடைத்தது. அறையின் வெப்பத்தில் எண்ணெயாய் நிற்கும் ஓலியிக் அமிலம் கிடைத்தது. வெண்ணெயிலிருந்து பியூட்டிரிக் அமிலத்தைப் பிரித்தார்; நாட்பட்ட வெண்ணெயின் தீய நாற்றத்திற்கு அதுவே காரணம். கேப்ராயிக் அமிலம், கேப்ரிக் அமிலம் என்பனவற்றுக்கு வெள்ளாட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயர் சூட்டினார். அவற்றின் மணம் அத்தகையது. கொழுப்பு ஒன்றல்ல என்பது இப்போது தெளிவாயிற்று. மாட்டுக் கொழுப்பு கெட்டியாக இருப்பதும், வாத்துக் கொழுப்பு இளகியிருப்பதும், வெண்ணெய் எளிதில் உருகுவதும் அவற்றிலுள்ள அமிலங்களின் வகையையும் அளவையும் பொறுத்தன என்று அவர் காட்டினார்.

கொழுப்பு சிதையும்போது அமிலங்களோடு இனிப்பான ஒரு நீர்மமும் கிடைப்பதுண்டு. சுவீடன் நாட்டு ஷீலே என்பவர் அதனை முன்னரே கண்டிருந்தார். அதற்குக் கிளிசரின் எனப் பெயர் தந்தவர் செவ்ரூல். எல்லாவற்றையும் அவர் தராசிலிட்டு நிறுத்தபோது, கிடைத்த அமிலமும் கிளிசரினும் சேர்ந்து, முதலில் எடுத்த கொழுப்பைக் காட்டிலும் எடை சற்று மிகுந்திருந்தன! சிதைவின்போது நீரும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே, கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் நீரை இழந்து இணைந்த ஒரு கூட்டுப்பொருள் என்பது உறுதியாயிற்று. இவ்வாய்வுகளையெல்லாம் தொகுத்து, விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய தம் பெருநூலை 1823இல் அவர் வெளியிட்டார்.

இந்த ஆய்வின் இடையிலேதான் பித்தக்கல் அவர் கைக்கு வந்தது. மனிதனுடைய பித்தப்பையில் உண்டாகும் கற்களில் வெண்மையான, பளபளக்கும் ஒரு பொருள் இருப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புல்தியே தெ லா சால் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டிருந்தார். பின்னர், வோக்லனுக்கு ஆசிரியராயிருந்த பூர்க்குரோவா என்னும் பேரறிஞர் அப்பொருளையும், திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் மெழுகையும், புதைகுழிகளில் பிணங்களின் மீது படியும் மெழுகு போன்ற பொருளையும் ஒரே இனமாகக் கருதி மூன்றுக்கும் ஒரே பெயர் இட்டார். மூன்றும் வெண்மையானவை, மூன்றும் மெழுகு போல்வன, கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. பெரியவர் சொன்னதை அனைவரும் ஏற்றுக்கொண்டனர்.

செவ்ரூல் மூன்றையும் தனித்தனியே காரத்தோடு காய்ச்சினார். பிணத்தின் மெழுகு கொழுப்பு அமிலங்களாலானது என்று தெரிந்தது. திமிங்கில மெழுகு சிதைந்தது. ஆனால் அதிலிருந்து கிளிசரின் வரவில்லை. வேறொரு புதிய பொருள் வந்தது. பித்தக்கல்லின் பொருளோ எவ்வளவு காய்ச்சியும் சவுக்காரமாக மாறவே இல்லை. ஆகவே அது கொழுப்பே அன்று! பித்தம், கெட்டியானது என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1816இல் வெளிவந்த கட்டுரையில் அதற்குக் கொலஸ்டரின் எனப் பெயரிட்டார். ஆசிரியரின் ஆசிரியர் ஒன்றெனச் சொன்னதை இளைஞரொருவர் மூன்றெனக் காட்டினார். அதனைச் செய்வதற்கு அவர் வாதம் புரியவில்லை. காய்ச்சிப் பார்த்தார், அவ்வளவே.

ஆனால் செவ்ரூலும் மனிதரே. முத்தொளி வீசிய மார்காரிக் அமிலம் தனிப்பொருள் என்று அவர் நம்பினார். 1850களில் ஹைன்ட்சு என்னும் ஜெர்மானிய அறிஞர், அது இரண்டு அமிலங்கள் கலந்த கலவை என்று மெய்ப்பித்தார். ஒன்று, செவ்ரூல் கண்ட ஸ்டியரிக் அமிலமே. மற்றொன்று, 1840இல் பிரெமி என்னும் பிரெஞ்சு அறிஞர் பனைவகை எண்ணெயிலிருந்து பிரித்த பாமிட்டிக் அமிலம். ஒன்றெனத் தோன்றியவற்றைப் பிரித்துப் பிரித்துக் காட்டியவரே ஓரிடத்தில் இரண்டை ஒன்றெனக் கொண்டுவிட்டார். இந்தப் பிழையை நாம் மறவாமல் வைத்துக்கொள்வோம். பின்னர் இதனிடம் திரும்ப வேண்டியிருக்கும்.

செவ்ரூலின் ஆய்வு வீட்டு விளக்கையும் மாற்றியது. அக்காலத்து ஏழை மக்கள் ஏற்றிய கொழுப்புத்திரிகள் புகைந்தன, நாறின, கோடையில் வளைந்து உருகின. கொழுப்பிலிருந்து கிளிசரினை நீக்கி, கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தை மட்டும் கொண்டு மெழுகுவத்தி செய்தால் அது தூய ஒளி தரும் என்று அவர் உணர்ந்தார். 1825இல் கே-லுசாக் என்னும் அறிஞரோடு சேர்ந்து அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். இருவரும் பேரறிஞர், ஆனால் வணிகம் அவர்களுக்கு வசப்படவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் தெ மிய்யி என்பவர் விலையுயர்ந்த காரத்திற்கு மாறாகச் சுண்ணாம்பைப் பயன்படுத்தி அம்மெழுகுவத்தியை மலிவாகச் செய்து விற்றார். 1869இல் மெழ் மூரியே என்பவர் மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்த வெண்ணெய்ப் போலிக்கு மார்காரின் என்ற பெயர் வந்ததும் செவ்ரூலின் அமிலத்தை ஒட்டியே ஆகும்.

1824இல் கோபெலின் என்னும் அரசாங்கத் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பகுதிக்குச் செவ்ரூல் தலைவரானார். அங்கே கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற குறை எழுந்தது. ஆய்ந்து பார்த்தபோது சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும் கண்ணை மயக்கின. இதிலிருந்து வண்ணங்களின் வேறுபாட்டு விதியைக் கண்டு, 1839இல் நூலாக வெளியிட்டார். அந்நூல் பிற்காலத்துப் பிரெஞ்சு ஓவியர் பலருக்குக் கைவிளக்காயிற்று. அதனை விரித்துரைக்க இஃது இடமன்று.

நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு தானே அசைந்து மறைபொருளை உணர்த்தும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் பரவியிருந்தது. செவ்ரூல் தம் கண்களைக் கட்டிக்கொண்டு சோதித்து, பிடித்திருப்பவர் தாமறியாமலே தம் கையை அசைக்கிறார் என்பதைக் காட்டினார். 1871ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜெர்மானியப் படை பாரிசை முற்றுகையிட்டுக் குண்டு வீசியபோது, இயற்கைப் பொருட்காட்சிச் சாலையிலும் குண்டுகள் விழுந்தன. அப்போது அதன் தலைவராயிருந்த செவ்ரூலுக்கு வயது 84. அவர் ஓடவில்லை, தம் இடத்திலேயே இருந்து, அறிவுக் கோயிலின்மீது குண்டெறிந்த செயலைக் கண்டித்து அறிவியற் கழகத்தில் பதிவு செய்தார்.

1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவருக்கு நூறு வயது நிறைந்தது. பிரெஞ்சு நாடே விழாக் கொண்டாடியது. நதார் என்னும் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் அவரோடு உரையாட, அவ்வுரையாடலின்போதே அவர் படமெடுக்கப்பெற்றார். தம்மைப் பிரான்சின் மாணவருள் மூத்தவர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு விருப்பம் மிகுதி. திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன நாட்டுப்பகுதியில் பிறந்தும் அவர் மதுவைத் தொடவில்லை என்பர். கொழுப்பை ஆராய்ந்தவர் நூறாண்டு வாழ்ந்தமையால், அவர் உண்ட உணவையே நாமும் உண்டால் நூறாண்டு வாழலாம் என்று எண்ணுவார் இருக்கலாம். ஒரு மனிதனின் வாழ்நாளைக் கொண்டு உணவின் நன்மை தீமையை அளத்தல் இயலாது; செவ்ரூலே இத்தகைய முடிவைக் கேட்டால் நகைத்திருப்பார். 1889ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், தம் 102ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அதற்கு ஒன்பது நாள்களுக்கு முன்புதான் ஈபெல் கோபுரம் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அக்கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களுள் அவருடைய பெயரும் ஒன்று.

அவர் பிரித்துவைத்த பொருள்களின் கதை அவரோடு முடியவில்லை. அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1833இல், பூதே என்பவர் மனிதக் குருதியில் கொலஸ்டரின் இருப்பதைக் கண்டார். 1859இல் பெர்த்தலோ அது சாராய வகையைச் சார்ந்த பொருள் என்று காட்டினார். அதனால் பிற்காலத்தில் கொலஸ்டிரால் என்ற பெயர் வழக்கில் வந்தது. 1910இல் ஜெர்மானிய அறிஞர் வின்டாசு, தடித்துப்போன தமனிகளின் சுவரில் கொலஸ்டிரால் பன்மடங்கு மிகுந்திருப்பதை அளந்து அறிந்தார். 1913இல் ரஷ்ய நாட்டில் அனிச்கோவ், சலாத்தோவ் என்னும் இருவர், தூய கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினர். முயல்களின் தமனிகளில் மனித நோயை ஒத்த படிவுகள் தோன்றின. எண்ணெயை மட்டும் உண்ட முயல்களுக்கு அத்தீங்கு நேரவில்லை.

முயல் புல்தின்னும் விலங்கு. அதன் இயல்பான உணவில் கொலஸ்டிரால் இல்லை. ஆகவே முயலைக் கொண்டு மனிதனை அறிய முடியுமா என்று பலர் ஐயுற்றனர். அவ்வையம் நியாயமானதே. மனிதர்களைக் கொண்டு செய்த சோதனைகள் 1950களில் பெருகின. அமெரிக்காவில் ஆன்சல் கீஸ், ஆரன்ஸ், ஹெக்ஸ்டெட் முதலியோர், ஒரே மனிதருக்குச் சில வாரங்கள் ஒரு கொழுப்பும் அடுத்த சில வாரங்கள் வேறொரு கொழுப்பும் கொடுத்து, அவர் குருதியை அளந்தனர். மனிதன் உண்ணும் கொலஸ்டிராலைக் காட்டிலும், அவன் உண்ணும் கொழுப்பின் வகையே குருதியிலுள்ள கொலஸ்டிராலை மிகுதியாக ஏற்றி இறக்குகிறது என்பது தெரிந்தது. வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அதனை உயர்த்தின. மக்காச்சோள எண்ணெய் தாழ்த்தியது. செவ்ரூலின் ஆய்வுக்கூடத்தில் அருகருகே இருந்த இரு பொருள்களும் இவ்வாறு நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் உறவு கொண்டன.

நிறைவுற்ற கொழுப்பு என்றால் யாது? கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்ட ஒரு சரம். ஒவ்வொரு மணியும் தான் தாங்கக்கூடிய ஹைட்ரஜன் அணுக்கள் அனைத்தையும் தாங்கியிருந்தால் அது நிறைவுற்றது; எங்கேனும் குறைந்தால் நிறைவுறாதது. செவ்ரூல் கண்ட ஓலியிக் அமிலம் நிறைவுறாதது. பியூட்டிரிக், ஸ்டியரிக் என்பன நிறைவுற்றவை. ஆனால் நிறைவுற்றவை எல்லாம் ஒரே நீளம் உடையன அல்ல. பியூட்டிரிக் அமிலத்தில் 4 மணிகள். தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தில் 12. மிரிஸ்டிக் அமிலத்தில் 14. பாமிட்டிக் அமிலத்தில் 16. ஸ்டியரிக் அமிலத்தில் 18.

சரத்தின் நீளம் மாறினால் பயனும் மாறுமா? ஒரே பெயரால் அழைக்கப்படுவன ஒரே செயலைச் செய்யும் என்றே பலரும் நினைத்தனர். 1965இல் கீஸ் குழுவினரும் ஹெக்ஸ்டெட் குழுவினரும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் அந்நினைப்பை அசைத்தன. 12 முதல் 16 வரை மணிகளுடைய அமிலங்கள் குருதியின் கொலஸ்டிராலை உயர்த்தின. ஹெக்ஸ்டெட்டின் ஆய்வில் மிரிஸ்டிக் அமிலமே முன்னின்றது. 18 மணிகளுடைய ஸ்டியரிக் அமிலமோ பெரும்பாலும் உயர்த்தவே இல்லை. மிகக் குறுகிய சரமுள்ள அமிலங்கள் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று எரிபொருளாகிவிடுகின்றன.

இதன் காரணமும் ஓரளவு விளங்கியுள்ளது. குருதியில் கொலஸ்டிரால் தனியே மிதப்பதில்லை; புரதமும் கொழுப்பும் சேர்ந்த சிறு உருண்டைகளில் ஏறிச் செல்கிறது. அவற்றுள் அடர்த்தி குறைந்த உருண்டைகளே தமனிச் சுவரில் படிவை உண்டாக்குவன. கல்லீரல் அவற்றைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகளைக் கொண்டுள்ளது. அவ்வேற்பிகளைக் கண்டறிந்த பிரௌன், கோல்டுஸ்டைன் என்னும் இருவரும் 1985இல் நோபெல் பரிசு பெற்றனர். நீளம் இடைத்தரமான நிறைவுற்ற அமிலங்கள் மிகும்போது ஏற்பிகளின் வேலை குன்றுகிறது. உருண்டைகள் குருதியிலேயே தங்கிவிடுகின்றன. ஸ்டியரிக் அமிலத்தின் ஒரு பகுதியை நம் உடல் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கி ஓலியிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. அது தீங்கு செய்யாமைக்கு இதனை ஒரு காரணமாகக் கொள்வர்.

லாரிக் அமிலத்தின் செய்தி இன்னும் சிக்கலானது. 60 சோதனைகளைத் தொகுத்து 2003இல் மென்சிங்க் முதலியோர் வெளியிட்ட ஆய்வின்படி, அது அடர்த்தி குறைந்த உருண்டைகளை உயர்த்துகிறது. கொலஸ்டிராலைத் திரும்பக் கொண்டுசெல்லும் அடர்த்தி மிகுந்த உருண்டைகளையும் உடன் உயர்த்துகிறது. இதனால் அதனை நல்லது என்பாரும் உளர், தீயது என்பாரும் உளர். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து நிறைவுறாத எண்ணெய்களை அதற்கு ஈடாகக் கொள்வதே நன்று என்று மருத்துவர்கள் சொல்லிவருகின்றனர். ஸ்டியரிக் அமிலம் தீங்கற்றது என்று கேட்டவுடன் மாட்டுக் கொழுப்பை அள்ளி உண்பதும் அறிவுடைமை ஆகாது. உணவுக் கொழுப்பில் அது தனித்து வருவதில்லை. பாமிட்டிக் அமிலமும் அதனோடு கலந்தே வருகிறது.

1988இல் போனனோமே, கிரண்டி என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டனர். 11 ஆண்கள் அதில் பங்குகொண்டனர். மூன்று வாரங்கள் பாமிட்டிக் அமிலம் மிகுந்த உணவு, மூன்று வாரங்கள் ஸ்டியரிக் அமிலம் மிகுந்த உணவு, மூன்று வாரங்கள் ஓலியிக் அமிலம் மிகுந்த உணவு என்று அவர்களுக்கு அளிக்கப்பட்டது. பாமிட்டிக் அமில உணவோடு ஒப்பிடும்போது, ஸ்டியரிக் அமில உணவில் குருதியின் மொத்தக் கொலஸ்டிரால் சராசரியாக 14 விழுக்காடு குறைந்திருந்தது; ஓலியிக் அமில உணவில் 10 விழுக்காடு குறைந்திருந்தது. நிறைவுற்றவை என்ற ஒரே பெயருடைய பாமிட்டிக், ஸ்டியரிக் அமிலங்கள் குருதியில் இருவேறு வழியிற் சென்றன. செவ்ரூல் 1813இல் முத்தொளி கண்டு மகிழ்ந்து, ஒரே பொருள் என நம்பிப் பெயரிட்ட அந்த வெண்படிகத்தில் பிரியாமல் கலந்திருந்தவை இவ்விரண்டு அமிலங்களுமே.